பல்லில் தெரியும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாகக் குழந்தைகளுக்குப் பல் பார்த்து வருகிறேன். தண்ணீரிலும் பற்பசையிலும் இருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு பற்றிப் பேச அழைத்தார்கள். உடனே ஒரு அக்காவும் தம்பியும்தான் என் நினைவுக்கு வந்தார்கள்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது. உள்ளே வந்ததிலிருந்து வாயை மூடிய கையை எடுக்கவே இல்லை. “ரெண்டு வேளையும் தேய்க்கத்தான் சொல்றேன் டாக்டர், கேக்க மாட்டேங்குறா” என்றார் அம்மா. கையை விலக்கிப் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்களில் பழுப்புக் கறை. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியது போல வெளுத்த கோடுகள். இடப்பக்கப் பல்லில் எந்த உயரத்தில் கோடு இருந்ததோ, வலப்பக்கத்திலும் அதே உயரத்தில் இருந்தது. தேய்க்காமல் விட்ட அழுக்கு இப்படி ஜோடி ஜோடியாகப் படியாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே விழுந்த அடையாளம் இது.

எட்டு வயதுத் தம்பிக்கு அப்போதுதான் முன்பற்கள் முளைத்திருந்தன. அரிசி போல வெள்ளை. விசாரித்தேன். தர்மபுரி பக்கத்துக் குடும்பம். மகளுக்கு ஐந்து வயதானபோது கும்பகோணம் வந்திருக்கிறார்கள். அப்போது இவன் வயிற்றில். அங்கே குடித்தது ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், இங்கே குடிப்பது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். அம்மாவும் அதேதான், சமையலும் அதேதான். மாறியது தண்ணீர் மட்டும். “இவ மேல தப்பே இல்லம்மா” என்று சொன்னதும் அந்தத் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூமிக்கடியில் கடினப் பாறை. அதன் தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீராக இருந்தால் இன்னும் அதிகம் கரையும். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937லேயே ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரால் வரும் நோயை மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். பல்லோடு நிற்காமல், வருஷக்கணக்கில் குடித்தவர்களின் எலும்பையும் முதுகையும் இறுக்கிவிடுகிற நோய் அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. நமக்குப் பாய்ந்து வரும் இதே காவிரித் தண்ணீர்தான் அங்கே மருந்தாகப் போய்ச் சேர்ந்தது.

சரி, மூளைக்கு வருவோம். ஃப்ளோரைடு குழந்தையின் மூளையைப் பாதிக்குமா? பெற்றோர் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீருக்கும் குழந்தைகளின் நுண்ணறிவு அளவு (ஐ.க்யூ.) குறைவதற்கும் தொடர்பு தெரிகிறது என்றது. ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம் என்பதே அவர்கள் சொன்ன அழுத்தம். அந்நாட்டில் பல் பாதுகாப்புக்காகக் குடிநீரில் சேர்க்கும் அளவு 0.7. அந்த அளவில் தீங்கு உண்டா என்று தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னார்கள். 2025 ஜனவரியில் 74 ஆய்வுகளைத் தொகுத்து இன்னொரு கட்டுரை வந்தது. அவற்றில் 45 சீனாவில் நடந்தவை, 12 நம் இந்தியாவில். 74இல் 52 ஆய்வுகளின் தரம் பலவீனமானது என்று அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் 1.5க்கு மேலே போகப் போக ஆபத்து என்ற திசை ஒன்றாகவே இருப்பதால், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பும் அதே 1.5தான். நம் நாட்டுத் தரநிலை 1 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. வேறு வழியில்லாவிட்டால்தான் 1.5 வரை.

இன்னொன்று. ஆய்வுகள் சொல்வது கூட்டத்தின் சராசரியை. கறைப் பல் உள்ள பிள்ளையைப் பார்த்து ‘இது மக்கு’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பெண் வகுப்பில் முதல் மாணவி.

பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லின் மேல் பட்டுச் சொத்தையைத் தடுக்கிறது. துப்பத் தெரியாத வயதில் விழுங்குவதுதான் பிரச்சினை. மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, ஆறு வரை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நிறையப் பிதுக்குவதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

டெல்டாவில் ஆற்று மணலில் ஊறும் தண்ணீரில் பொதுவாக ஃப்ளோரைடு குறைவு. என் கவலை புதிதாகப் போடும் ஆழமான போர்கள் பற்றியது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ருசியும் நன்றாக இருக்கும். ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகி மிச்சத்தில் அடர்த்தி கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், எடைக்கு எடை கைக்குழந்தையின் உடம்பில்தான் அதிகம் சேரும்.

அதனால் போர் தண்ணீர் குடிக்கும் வீடுகள் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஊராட்சியில் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தருகிறார்கள். இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். போர் எத்தனை அடி என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், முடிவு வரும்வரை அதற்கு மட்டுமாவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் கொடுங்கள். வணக்கம்.