மூன்று தோல்விக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை

நண்பர்களே, வணக்கம்.

ஓய்வு பெற்ற டென்னிஸ் சாம்பியன் யாரைப் பற்றிப் பேசினாலும் முதலில் பட்டங்களைத்தான் எண்ணுவோம். அந்தக் கணக்கில் கோரான் இவானிசெவிச்சுக்குப் பெரிய இடம் கிடையாது. கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில், ஒற்றையர் பிரிவில் அவர் வென்றது ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்றை அவர் எட்டிய விதத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்று தெரியவில்லை.

குரோஷியாவின் ஸ்ப்லிட் நகரில் 1971இல் பிறந்தவர். இடது கை ஆட்டக்காரர். சர்வ் போடும்போது பந்தை அதிக உயரம் தூக்கமாட்டார். பந்து மேலே போய்த் திரும்புவதற்குள் மட்டை வந்துவிடும். எந்தப் பக்கம் வருகிறது என்று ஊகிக்க எதிராளிக்கு அவகாசமே இருக்காது.

அப்படிப்பட்ட சர்வை வைத்துக்கொண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டியில் மூன்று முறை தோற்றார். 1992இல் அகாசியிடம் ஐந்து செட். 1994இல் சாம்ப்ராஸிடம் நேர் செட்களில். 1998இல் மறுபடியும் சாம்ப்ராஸ், இந்த முறை ஐந்து செட். அப்புறம் தோள்பட்டை வலி வந்தது. தரவரிசை 125க்குச் சரிந்தது. 2001இல் அமைப்பாளர்கள் வைல்ட் கார்டு, அதாவது தரவரிசையைப் பார்க்காமல் தரும் சிறப்பு அனுமதி, கொடுத்ததால்தான் உள்ளேயே நுழைய முடிந்தது.

மழை காப்பாற்றியது என்று சிலர் சொல்வார்கள். அரையிறுதியில் டிம் ஹென்மன் மூன்றாவது செட்டை 6-0 என்று வாரிக்கொண்டு போனார். நான்காவது செட்டின் நடுவே மழை. வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. சரி, மழை உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே மோயா, ராடிக், ருசெட்ஸ்கி, சாஃபின் எல்லோரையும் வீழ்த்திவிட்டுத்தானே அங்கே வந்திருந்தார்? சாஃபின் அப்போது அமெரிக்க ஓப்பன் சாம்பியன். இதை மழையின் கணக்கில் எழுத முடியாது.

இறுதிப் போட்டி திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. எதிரே பாட்ரிக் ராஃப்டர். ஐந்தாவது செட், 8-7, சர்வ் இவானிசெவிச் கையில். இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் பட்டம். அந்த முதல் மேட்ச் பாயிண்ட்: டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தவறிப் புள்ளி போனது. இரண்டாவது: மறுபடியும் டபுள் ஃபால்ட். உலகத்தையே மிரட்டிய சர்வ், வேண்டிய நேரத்தில் வலையைத் தாண்டி ஒழுங்காக விழ மறுக்கிறது! மூன்றாவதில் ராஃப்டர், இவானிசெவிச்சின் தலைக்கு மேல் லாப் தூக்கிப் பறித்துக்கொண்டார். நான்காவதிலும் முதல் சர்வ் தவறியது. இரண்டாவது சர்வை நிதானமாகப் போட்டார். ராஃப்டர் அடித்த பந்து வலையில் மாட்டியது. 9-7.

மூன்று இறுதிப் போட்டிகளின் தோல்வியும் அந்த ஒரு கேமுக்குள் அவரைத் துரத்தி வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று மேட்ச் பாயிண்ட்களை விட்டவர் நான்காவதற்கு மறுபடி கோட்டருகே போய் நின்றாரே, அவருடைய ஆட்ட வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் இடம் அதுதான்.

2004இல் அதே விம்பிள்டனில் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். பிறகு பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற மாரின் சிலிச் 2014இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். 2019 முதல் 2024 வரை ஜோகோவிச்சின் அணியில் இருந்தார். வைல்ட் கார்டில் வந்து விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.