வடகம் நனையும்போது மனசு என்ன சொல்கிறது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஆண் மனசு இப்படி, பெண் மனசு அப்படி என்று பிரித்துச் சொல்லும் யோசனைகளால் குடும்பத்துக்கு உதவி உண்டா, இல்லையா என்பது தலைப்பு. இல்லை என்று பேச வந்திருக்கிறேன்.

நேரே என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவோம். பாளையங்கோட்டையில் மாடி வீடு. அத்தான் தங்கமான மனுஷர். கொஞ்ச நாளாகப் போனில் குடும்ப ஆலோசனை வீடியோ பார்க்கிறார். பெண்கள் ஒரு பிரச்சினையைச் சொன்னால் உடனே தீர்வைத் தேடி ஓடாதே, காதைக் கொடு, அது போதும் என்று அதில் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஓடி வருகிறாள். "என்னங்க, தொட்டி நிரம்பி வழியுது, மோட்டார் அணைய மாட்டேங்குது!" அத்தான் டீயைக் கீழே வைத்தார், அக்கா கையைப் பிடித்தார், "உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும், சொல்லு, கேக்கிறேன்" என்றார். "ஐயோ, கீழ்வீட்டு வடகம் நனையுதுங்க!" அதற்கு அத்தான் கேட்டார், "வடகம் நனையும்போது உன் மனசு என்ன சொல்லுது?"

பின்வரிசை அம்மா சிரிப்பில் கடைசி வரியை விட்டுவிட்டார், அவருக்காக இன்னொரு தரம்: வடகம் நனையும்போது உன் மனசு என்ன சொல்லுது! அதற்குள் கீழ்வீட்டு அக்காவே சொட்டச் சொட்ட முறத்தோடு படியேறி வந்துவிட்டார். அவரிடமும் அத்தான், "புரியுதுங்க, ரொம்பப் புரியுது" என்கிறார். கடைசியில் அக்காவே ஓடிப்போய் மெயினை இறக்கினாள். இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அத்தானுக்கு என்ன தொழில் தெரியுமா? மோட்டாருக்குக் காயில் கட்டுவது! இருபது வருஷமாக ஊரில் எந்த மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எதிரே நிற்பவள் தன் பெண்டாட்டி என்பது மறந்து, 'பெண்கள்' என்று வீடியோவில் கேட்டதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த யோசனை நேற்று முளைத்ததில்லை. 1992-ல் அமெரிக்காவில் ஜான் கிரே என்பவர், ஆண்கள் செவ்வாய்க் கிரகக்காரர்கள், பெண்கள் வெள்ளிக் கிரகக்காரர்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார், கோடிக்கு மேல் விற்றது. பெண் பேசினால் தீர்வு சொல்லாதே, ஆண் மனக்கஷ்டத்தில் இருந்தால் தன் குகைக்குள் போய்விடுவான், பின்னாலேயே போகாதே என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் குகையை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

அதற்கு முன்னால் எதிரணித் தம்பிக்கு ஒரு பாக்கி இருக்கிறது. "அடுத்து அக்கா பேச வருகிறார், நடுவர் மணியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெண்கள் ஒரு நாளைக்கு 20,000 வார்த்தை பேசுவார்கள், ஆண்கள் 7,000தான்" என்றார். நல்ல கைதட்டல், நானும் கேட்டேன். தம்பி, அந்தக் கணக்கு 2006-ல் லூவான் பிரிசண்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதிய புத்தகத்தில் வந்தது. அடுத்த வருஷமே, 2007-ல், சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 396 கல்லூரி மாணவ மாணவியரிடம் சின்ன ரெக்கார்டரைக் கொடுத்து, அவர்கள் போகிற இடமெல்லாம் பேசுவதை அவ்வப்போது பதிந்து கணக்குப் போட்டார்கள். பெண்களுக்குச் சராசரி 16,215 வார்த்தை, ஆண்களுக்கு 15,669. ஐந்நூற்றுச் சொச்சம்தான் வித்தியாசம், அதைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். அதிகம் பேசியவர் யார் தெரியுமா தம்பி? ஓர் ஆண், 47,000 வார்த்தை! குறைவாகப் பேசியவரும் ஓர் ஆண், நாள் முழுக்கச் சில நூறு வார்த்தைதான். இந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில்கூட இருக்காது. இவர்கள் இருவருக்கும் 'ஆண்கள் இப்படித்தான்' என்று ஒரே யோசனையை எப்படிச் சொல்வீர்கள்?

உடம்பு வேறு என்பதை எங்கள் அணியில் யாரும் மறுக்கவில்லை. சரி, இப்போது குகை.

என் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. சனிக்கிழமை சம்பளத்தன்று அம்மாவுக்கு ஒரு முழம் பிச்சிப்பூவும் எங்களுக்குக் காராச்சேவும் வரும். ஒரு வருஷம் அது நின்றுபோனது. வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். அம்மா அடுத்த வீட்டு ஆச்சியிடம் போய் அழுதிருக்கிறாள். ஆச்சி சொன்னது: "ஆம்பளைக்கு ஆயிரம் சோலி இருக்கும். நோண்டிக் கேக்காதே, தானா சரியாவான்." அத்தையும் அதையேதான் சொன்னாள். ஜான் கிரேயைப் படிக்காத ஆச்சி! அம்மா அதை நம்பி, கேட்காமலே இருந்தாள். பதினோரு மாதம்.

ஒருநாள் துணி துவைக்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் சம்பளச் சீட்டு. நனைந்து மடங்கிப்போயிருந்த அதைப் பிரித்து, அடுப்படிச் சுவரில் ஒட்டிக் காயவைத்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் அம்மா. பிடித்தம் என்ற இடத்தில் பாதிச் சம்பளம். கூட வேலை பார்த்தவருக்குக் கடன் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவர் கட்டாமல் போக, அப்பா கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள், "என்ன ஆச்சுங்க?" அப்பா பிசைந்த கையை எடுக்காமல் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நீ எப்பக் கேப்பேன்னுதான் இருந்தேன்."

மறுநாள் அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. ரெண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். திரும்பி வரும்போது அம்மா தலையில் பிச்சிப்பூ இருந்தது.

அப்பாவும் அம்மாவும் அதோ, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போதும் தினமும் சாயங்காலம் காபி டம்ளரை நீட்டும்போது அம்மா அதே கேள்வியைக் கேட்கிறாள். அப்பா இப்போது எங்கேயும் வேலைக்குப் போவதில்லை, நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், ஆனாலும் ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு அவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது நடுவர் அவர்களே. வணக்கம்.