புகையடுப்பில் நெருப்பும் சாம்பலும்: பகல் முழுவதும் தணல் காக்கும் முறை

[காட்சி: மதுரைக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. வெல்டிங் பட்டறையில் செய்யப்பட்ட இரும்புப் புகையடுப்பு. ஒரு முனையில் நெருப்புப் பெட்டி, நடுவில் இறைச்சி அறை, மறுமுனையில் புகைபோக்கி.]

வணக்கம். கிடாவெட்டு விருந்துகளில் அண்டா ஏற்றும் சமையல்காரர்கள் நெருப்பை எப்படி ஆள்கிறார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொதி மிஞ்சினால் கட்டையை வெளியே இழுப்பார்கள், தணிந்தால் உள்ளே தள்ளுவார்கள். அந்த அடுப்பு திறந்தவெளியில் இருப்பதால் காற்றுக்கு அங்கே குறையில்லை. புகையடுப்போ, இறைச்சியைப் புகையிலும் மிதமான சூட்டிலும் மெதுவாக வேகவைக்கும் மூடிய இரும்புப் பெட்டி. ஆட்டின் தோள்பட்டையை வேகவைக்க 5, 6 மணி நேரமும், மாட்டின் நெஞ்சுக்கறிக்கு 10 மணி நேரத்துக்கு மேலும், இறைச்சி அறையின் வெப்பத்தை ஏறத்தாழ 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்தி வைக்க வேண்டும். அத்தனை நேரமும் நெருப்புக்குக் காற்று தடையின்றிப் போகிறதா என்பதுதான் நம் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

[காட்சி: புகைபோக்கியின் வாயிலிருந்து எழும் மெல்லிய நீலப் புகை.]

நிறையப் புகை கிளம்பினால்தான் இறைச்சியில் மணம் ஏறும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை முதலில் கைவிட வேண்டும். கட்டை சூடேறும்போது அதிலுள்ள ஈரம் முதலில் ஆவியாகிறது. 200 டிகிரியைத் தாண்டிச் சூடு ஏற ஏற, மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களையும் தார்த் துளிகளையும் வெளிவிடுகிறது. போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் இவை சுடராக எரிந்துவிடுகின்றன; அப்போது புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலப் புகை மட்டும் எழும். காற்று குறைந்தால் அவை எரியாமலேயே வெள்ளைப் புகையாகத் திரண்டு, இறைச்சியின் மேல் கசக்கும் பிசினாகப் படிந்துவிடுகின்றன. பெரிய நெருப்பை மூட்டிக் காற்றை அடைத்து அடக்குவதைவிட, சிறிய நெருப்பைத் தாராளமாக எரியவிடுவதே சரி. புகைபோக்கியின் மூடியை எப்போதும் முழுதாகத் திறந்து வைத்து, வெப்பத்தைக் கட்டையின் அளவாலும் நெருப்புப் பெட்டியின் காற்றுவாயாலும் மட்டுமே கூட்டிக் குறையுங்கள்.

[காட்சி: அடுக்கி வைத்த விறகு.]

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கங்களில் எளிதாகக் கிடைப்பது சீமைக் கருவேலம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இறைச்சி சுடப் பயன்படும் மெஸ்கீட் மரத்துக்கு இது நெருங்கிய உறவு. கங்கு நின்று காயும். ஆனால் புகை கடுமையானது. மெஸ்கீட் கட்டையைத் தனியே எரித்துக் கங்காக்கி, அந்தக் கங்கை மட்டும் அள்ளிப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே உண்டு. நமக்கும் அது பொருந்தும். கங்குக்குச் சீமைக் கருவேலம், மணத்துக்குக் கொய்யா அல்லது மாங்கட்டை என்பதே என் தேர்வு. கட்டை மாதக்கணக்கில் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த விறகு எவ்வளவு காற்று கொடுத்தாலும் வெள்ளைப் புகையைத்தான் தரும். வண்ணம் அடித்த பழைய கதவு, ஜன்னல் கட்டைகளையும் பிளைவுட்டையும் சேர்க்கவே கூடாது. நான்குவழிச் சாலைகளின் நடுவே வளர்க்கப்படும் அரளியின் புகையும் நஞ்சு என்பதை மறக்க வேண்டாம்.

நெருப்பைத் தொடங்கும்போது நான்கு விரல் உயரத்துக்குக் கங்குப் படுகை அமைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கட்டை, 30 முதல் 45 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். முந்தைய கட்டை உடைந்து கங்காகத் தொடங்கும் வேளையே அடுத்ததை வைக்கும் நேரம். வெப்பம் விழுந்த பிறகு வைத்தால் அது புகைந்து கிடக்கும். அடுத்த கட்டையை நெருப்புப் பெட்டியின் தலைமேல் வைத்துச் சூடேற்றி வைத்திருந்தால், உள்ளே போன சிறிது நேரத்திலேயே சுடர் பற்றிக்கொள்ளும்.

[காட்சி: நெருப்புப் பெட்டிக்குள் கங்கைத் தாங்கும் கம்பித்தட்டு; அதன் அடியில் குவிந்த சாம்பல்.]

இனி சாம்பலுக்கு வருவோம். மரத்தின் எடையில் சாம்பல் பொதுவாக 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பட்டையில் அது பல மடங்கு அதிகம். எடை சிறிதாகத் தோன்றினாலும், உதிர்ந்த கரித்துண்டுகளோடு சேர்ந்து மூன்று, நான்கு மணி நேரத்தில் அது கம்பித்தட்டின் அடியை நிரப்பிவிடும். காற்று கீழிருந்து மேலேறும் வழி அதுதான். வழி அடைபட்டால் கங்கு மங்கும், வெப்பம் இறங்கும், புகை வெளுக்கும். இந்த நிலையில் பெரும்பாலோர் இன்னொரு கட்டையைப் போடுகிறார்கள். காற்றில்லாத நெருப்பின் மேல் விழுந்த அந்தக் கட்டை, புகையை மேலும் கெடுக்கிறது. வெப்பம் காரணமின்றி இறங்கினால், விறகைக் குறை சொல்வதற்கு முன் குனிந்து கம்பித்தட்டின் அடியைப் பாருங்கள். சாம்பல் தட்டைத் தொடும் அளவு உயர்ந்தால், அடியில் ஓடும் காற்றால் குளிர்ந்துகொண்டிருந்த கம்பிகளும் பழுத்து வளையத் தொடங்கும்.

சாம்பலை அள்ளுவது எளிய வேலைதான், ஆனால் பொறுமை வேண்டும். புதுக் கட்டை வைப்பதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். இறைச்சி அறையின் மூடி மூடியே இருக்கட்டும். கங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, கொக்கிக் கம்பியால் தட்டை மெல்ல அசைத்துச் சாம்பலை உதிர்த்து, தட்டையான கரண்டியால் அடியிலிருந்து நிதானமாக இழுத்தெடுங்கள். வேகமாகக் கிளறினால் சாம்பல் காற்றோட்டத்தோடு பறந்து நேரே இறைச்சியின் மேல் போய் அமரும். ஒரு விரல் கனத்துக்குச் சாம்பலை விட்டுவைப்பது நல்லது. அது பெட்டியின் அடிப்பக்க இரும்புத் தகட்டை நேரடிச் சூட்டிலிருந்து காக்கும். தண்ணீர் தெளித்து அடக்க முயலாதீர்கள். எழும் நீராவி சாம்பலைத் தூக்கி எறிவதோடு, திடீர்க் குளிர்ச்சியில் வெல்டிங் இணைப்புகளும் விரிசல் விடக்கூடும்.

ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காற்றுவாய் மேற்கு நோக்கி இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் நெருப்பு சீறி, சாம்பலும் கிளம்பும். அடுப்பைத் திருப்பி வையுங்கள், அல்லது ஒரு தகரத் தட்டியை மறைப்பாக நிறுத்துங்கள். எந்தக் காற்றுக்கு அஞ்சியும் அடுப்பைக் கூரைக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அங்கே உயிரைப் பறிக்கும்.

[காட்சி: மூடியுள்ள தகர டின்.]

வேலை முடிந்ததும் சாம்பலை மூடியுள்ள தகர டின்னில் மட்டுமே சேர்க்க வேண்டும். சாம்பல் போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே புதைந்த கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ காய்ந்த தென்னை ஓலைக் குவியலின் அருகிலோ கொட்டினால் தோப்பே பற்றிக்கொள்ளலாம். சில நாள்கள் ஆறிய பிறகு, தென்னைக்கும் வாழைக்கும் தூரில் அளவாகத் தூவலாம். அதில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் உண்டு. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கு மட்டும் வேண்டாம். ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணை அது மேலும் கெடுக்கும். அடுப்புக்குள்ளும் சாம்பலை விட்டுவைக்காதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு அது இரும்பை அரிக்கும். மறுநாள் அடுப்பு முழுவதும் ஆறியதும், மூலைகள் வரை சுரண்டித் துடைத்து, உள்பக்கம் மெல்லியதாகச் சமையல் எண்ணெய் தடவி, மழை படாத இடத்தில் மூடி வையுங்கள்.