தரைப்பலகைக்கு அடியில் இருந்த கவிதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தன் கவிதைப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலேயே போய்விட்ட கொரியக் கவிஞர் யூன் தோங்ஜூ. 1917-இல், இன்றைய சீனாவின் வடகிழக்கில், கொரியர்கள் குடியேறிய மியோங்தோங் கிராமத்தில் பிறந்தவர். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. பள்ளிகளில் கொரிய மொழிப் பாடம் குறைந்துகொண்டே வந்தது. 1940-இல் பெரிய கொரிய நாளிதழ்கள் இரண்டையும் மூடிவிட்டார்கள். அந்த நெருக்கடியில்தான் இவர் சியோலின் யோன்ஹி கல்லூரியில் படித்தபடி கொரிய மொழியில் எழுதினார்.

1941 இறுதியில் படிப்பு முடிகிறது. 19 கவிதைகளைச் சேர்த்து, 'வானம், காற்று, விண்மீன், கவிதை' என்று பெயரிட்டுத் தொகுப்பு போட நினைத்தார். பேராசிரியர் யீ யாங்ஹா, இப்போது வேண்டாம் என்று தடுத்தார். தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்கள் என்ற கவலை அவருக்கு. சரி, அச்சு இல்லாவிட்டால் என்ன? கையாலேயே மூன்று பிரதிகள் எழுதினார் தோங்ஜூ. ஒன்று தனக்கு, ஒன்று பேராசிரியருக்கு, ஒன்று தன்னோடு தங்கிப் படித்த இளைய நண்பர் சோங் பியோங்உக்குக்கு.

அந்த மூன்றாவது பிரதியின் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1944-இல் சோங்கை ஜப்பானியப் படைக்குப் பிடித்துப் போனார்கள். போகுமுன் கையெழுத்துப் பிரதியைத் தன் அம்மாவிடம் ஒப்படைத்தார். தென்கரையில், குவாங்யாங் பக்கம் வீடு. அந்த அம்மா அதைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தார். போருக்குப் போன பிள்ளை திரும்புவானா என்றே தெரியாது. பிள்ளையின் நண்பன் எழுதிய தாள்களை அப்படிக் காத்தார்! மற்ற இரண்டு பிரதிகளும் கிடைக்கவில்லை. ஆமாம், மூன்றில் தப்பியது அந்த அம்மா வைத்திருந்தது ஒன்றுதான்.

கவிஞரோ 1942-இல் மேற்படிப்புக்காக ஜப்பான் போனார். போவதற்காகவே ஜப்பானியக் குடும்பப்பெயரை ஏற்க வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தைக் கவிதையாகவும் எழுதிவைத்தார். 1943 ஜூலையில் கியோத்தோவில் கைது. கொரிய விடுதலைக்கான நடவடிக்கை என்று குற்றச்சாட்டு, இரண்டு ஆண்டு சிறை. 1945 பிப்ரவரி 16, ஃபுகுவோகா சிறையில் இறந்தபோது வயது 27. கொரியா விடுதலை அடைய ஆறே மாதம் இருந்தது. கூடவே கைதான உறவினர் சோங் மோங்கியூவும் அடுத்த மாதமே அதே சிறையில் இறந்தார்.

படைக்குப் போன நண்பர் சோங் பியோங்உக் உயிரோடு திரும்பினார். 1948-இல் தொகுப்பு வெளிவந்தது, 31 கவிதைகளோடு. தோக்கியோவிலிருந்து கடிதத்தில் வந்த கவிதைகளை இன்னொரு நண்பர் காத்து வைத்திருந்தார். அவையும் அதில் சேர்ந்தன.

நேரம் நெருங்கிவிட்டது. 'விண்மீன்களை எண்ணும் இரவு' பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு சொல்லைச் சூட்டிக்கொண்டே வந்து, தொலைவில் இருக்கும் அம்மாவை அழைக்கிற கவிதை அது. அவரைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். வணக்கம்.