இறைக்கிற கிணறு ஊறும்: கற்பிக்கும் நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள்

(கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்கள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாண்பமை துணைவேந்தர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பதிவாளர் அவர்களே, நூலகக் குழுத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் ஒருவர் பெயரையும் விட்டுவிடாமல் சொன்ன முதல்வர் அவர்களே, எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த தலைமுறையைச் சேர்ந்த மூத்த நூலகர்களே, இளைய நூலகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

துணைவேந்தர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். தொடக்க உரை முடிந்ததும் புறப்பட்டுவிட அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் காலையிலிருந்து அமர்ந்து, குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். நூலகர்கள் பேசுவதைத் துணைவேந்தர் ஒருவர் குறிப்பெடுக்கிறார் என்பது எங்களுக்குப் பெரிய ஊக்கம். பக்கத்திலேயே பதிவாளர் அவர்களும் இருக்கிறார். அது இன்னும் நல்லது. அவரிடம் நான் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன்.

கற்பித்தல் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். நான்கு செய்திகளைச் சொல்ல நினைத்து வந்தேன். ஏன் பகிர வேண்டும், எதைப் பகிர வேண்டும், எந்த உரிமையோடு பகிர வேண்டும், ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்த்து எப்படிக் கருத்துச் சொல்ல வேண்டும். இந்த நான்குக்கும் அடியில் ஒரே பழமொழிதான் இருக்கிறது. என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும்: இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்.

ஒரு துறையில் ஒரே பாடத்தை நடத்தும் பேராசிரியர்கள் நான்கு பேர் இருப்பார்கள். வகுப்பு சரியாகப் போகவில்லை என்றால் அடுத்த அறைக்குப் போய்க் கேட்கலாம். நூலகருக்கு அந்த அடுத்த அறை கிடையாது. பல நூலகங்களில் தகவல் எழுத்தறிவு, அதாவது தகவலைத் தேடி, எடைபோட்டு, முறையாகப் பயன்படுத்தும் திறன், கற்பிப்பவர் ஒரே ஒருவர்தான். பேராசிரியர் பெருந்தன்மையோடு ஒரு மணி நேரம் தருவார். வருகைப் பதிவு முடிந்தால் அது ஐம்பது நிமிடம். அதற்குள் தேடுசொல், தரவுத்தளம், மேற்கோள் காட்டும் முறை, கருத்துத் திருட்டு எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அந்த மாணவர்களை அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப்போவதில்லை. இதற்காக இரவு உட்கார்ந்து ஓர் அருமையான பயிற்சித் தாளைத் தயாரிக்கிறோம். வகுப்பு முடிகிறது. அந்தத் தாள் ‘முதலாமாண்டு புதியது 2’ என்ற பெயரில் கணினிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. அடுத்த கல்லூரியில் இன்னொருவர் அதே தாளை முதலிலிருந்து தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு பயிற்சி முகாமில் இளம் நூலகர் ஒருவர் எழுந்து தன் அனுபவத்தைச் சொன்னார். அவருடைய நூலகத்துக்கு மாணவர்கள் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். ‘மேடம், இந்தக் கட்டுரைகளை எடுத்துத் தாருங்கள்’ என்கிறார்கள். தேடினால் ஒன்றும் இல்லை. காரணம், செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்று கற்பனையாக எழுதிக்கொடுத்த மேற்கோள்கள் அவை. அந்த நூலகர் மாணவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வகுப்புக்கு அதையே பாடமாக்கிவிட்டார். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவிடமும் நான்கு மேற்கோள்களைக் கொடுத்தார். ‘இவற்றில் மூன்று உண்மை. ஒன்று உலகத்திலேயே இல்லாத கட்டுரை. அது எது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ இவ்வளவுதான் கேள்வி.

ஒரு குழு உடனே கை தூக்கியது. ‘மேடம், இரண்டாவதுதான் பொய். தலைப்பே நம்பும்படியாக இல்லை.’ தேடிப் பார்த்தால் அது உண்மையான கட்டுரை! இன்னொரு குழு ஆசிரியர் பெயரைச் சந்தேகித்தது. அந்த ஆசிரியரும் இருக்கிறார். அந்தத் துறையில் பெயர் பெற்றவர். எல்லோரும் சந்தேகிக்காமல் விட்ட மேற்கோள், பார்ப்பதற்கு மிக ஒழுங்காக இருந்த மூன்றாவது. ஆசிரியர் உண்மை, ஆய்விதழ் உண்மை, ஆண்டும் பொருத்தம். அப்போது கடைசி வரிசையிலிருந்து, அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவர் எழுந்தார். ‘மேடம், இந்த ஆய்விதழ் ஆண்டுக்கு ஒரு தொகுதிதான் போடுகிறது. அந்த ஆண்டுக்கு வர வேண்டியது தொகுதி 12. இதில் 19 என்று இருக்கிறது. அப்படியானால் இந்தக் கட்டுரை வெளிவர இன்னும் ஏழு ஆண்டு ஆக வேண்டுமே!’

வகுப்பே கைதட்டியதாம். பிறகு அதில் கொடுத்திருந்த டிஓஐ எண்ணை, அதாவது இணையத்தில் ஒரு கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்ணை, தட்டிப் பார்த்தார்கள். அது தவளைகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்குக் கொண்டுபோய் விட்டது. மீண்டும் கைதட்டல். தொகுதி என்றால் என்ன, இதழ் எண் என்றால் என்ன என்று அந்த நூலகர் ஒரு வரிகூட விரிவுரை ஆற்றவில்லை. மாணவர்களே தோண்டி எடுத்துவிட்டார்கள்.

அவர் இதைச் சொல்லி முடித்து நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவது வரிசையில் ஒரு மூத்த நூலகர் எழுந்து நின்றார். ‘அம்மா, கிட்டத்தட்ட இதே பயிற்சியை மூன்று பருவமாக நானும் நடத்திக்கொண்டிருக்கிறேன். யாரும் செய்யாத ஒன்றை நான் மட்டும் செய்வதாக அல்லவா நினைத்திருந்தேன்!’ அரங்கம் அதிர்ந்தது. ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த இளம் நூலகருக்கு நேரம் போதவில்லை. ஐம்பது நிமிடத்துக்குள் முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். மூத்தவர் மேற்கோள்களை முதல் நாளே அனுப்பிவிட்டு, வகுப்பில் விவாதத்தை மட்டும் நடத்துகிறார். மூத்தவருக்கு வேறு சிக்கல். மாணவர்கள் குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். இளையவர், பொய் என்பதற்கான சான்றை எழுதிக் கொடுத்தால்தான் விடையை ஏற்கிறார். ஒருவர் வைத்திருந்த தீர்வு இன்னொருவருக்கு வேண்டியதாக இருந்தது. இருவரும் இடைவேளை முழுவதும் எழுந்திருக்கவே இல்லை. அந்த முகாம் நடந்திராவிட்டால் இரண்டு பேரும் தத்தம் குறையோடு ஓய்வுபெறும்வரை நடத்திக்கொண்டிருப்பார்கள். இறைக்கிற கிணறு ஊறும் என்று நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், கல்லூரி நூலகங்களின் அறிமுக வகுப்புகள் பற்றி ஒரு மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் லோயெக்ஸ் என்ற பரிமாற்ற மையம். இணையம் இல்லாத காலத்தில் நூலகங்களின் வழிகாட்டிகளையும் பயிற்சித் தாள்களையும் ஓரிடத்தில் சேர்த்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ‘தகவல் எழுத்தறிவு’ என்ற சொல்லாட்சியையே பால் சுர்கோவ்ஸ்கி 1974இல்தான் பயன்படுத்தினார். ஆக, பெயர் வருவதற்கு முன்பே பகிர்வு வந்துவிட்டது.

அந்த லோயெக்ஸின் காலாண்டிதழில் 2004இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சீக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஒரு தகவலை எடைபோட ஐந்து கேள்விகள்: காலம், பொருத்தம், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் கிராப் (CRAAP) சோதனை என்று நாம் எல்லோரும் நடத்துகிறோமே, அதுதான். வகுப்பறைத் தேவைக்காகச் செய்த ஒன்று, பகிர்ந்ததால் உலகமெங்கும் போனது.

அப்படிப் பரவியதால்தான் அதன் போதாமையும் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றாய்வாளர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகியோர் இணையதளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஒப்பிட்டு 2017இல் எழுதினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேள்வி கேட்கவில்லை. உடனே வெளியேறி, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறோம். ஒரு பக்கத்துக்குள்ளேயே நின்று சரிபார்க்கும் பட்டியல் போதாது என்ற விவாதம் வலுத்தது. இணையத் தகவல்களைச் சரிபார்க்கக் கற்பிக்கும் அமெரிக்கக் கல்வியாளர் மைக் கால்ஃபீல்டு இதை வகுப்பறைக்கு ஏற்ற நான்கு செயல்களாக்கினார்: நில், மூலம் யாருடையது என்று விசாரி, நம்பத்தக்க வேறு செய்தியைத் தேடு, கூற்றை அதன் பிறப்பிடம்வரை தொடர்ந்து போ. கிராப் சோதனை ஒரே நூலகத்தின் அலமாரியில் கிடந்திருந்தால் அதை விமர்சிக்க ஆள் இருந்திருக்காது. குறை தெரியாமல் இன்றும் அப்படியே இருந்திருக்கும். இறைக்காத கிணற்றின் கதி அதுதான்.

கால்ஃபீல்டு தம் பாடப்பொருளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். அவர் பெயரைச் சொன்னால் போதும். நான் எந்த மேடைக்குப் போனாலும் இதற்காகத்தான் பேசுகிறேன், இங்கும் பேசுகிறேன். நம்மில் பலர், ‘நான் தான் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புகிறேனே, அது போதாதா’ என்கிறார்கள். போதாது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதே இல்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அனுமதி இல்லை என்றுதான் பொருள். உங்கள் தாளைப் பெற்ற இளம் நூலகர் அதில் ஒரு கேள்வியை மாற்றி வெளியிட நினைத்தாலும் கை நடுங்கும். அந்த நடுக்கத்தைப் போக்கத் தாளின் அடியில் ஒரே ஒரு வரி வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களாக 2002 முதல் அந்த வரி தயாராக இருக்கிறது. ‘பெயர் குறிப்பிடுதல்’ உரிமம் போதும். ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனையைப் பாடக்குறிப்பில் சேர்க்காதீர்கள்; மாற்றி வெளியிட முடியாத பாடக்குறிப்பால் அடுத்த வகுப்பறைக்குப் பயன் குறைவு. திருத்த முடிந்த கோப்பாகவே கொடுங்கள், பிடிஎஃப் மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். திறந்த கல்வி வளங்களை ஆதரிக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2019இல் தன் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்துவிட்டது. நூல்கள் பயன்பாட்டுக்கே என்று நம் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் முதல் விதி வகுத்தார். நூல்களுக்கு அந்த விதியை ஏற்றுக்கொண்ட நாம், நம் சொந்தப் பயிற்சித் தாள்களுக்கு ஏன் மறுக்கிறோம்?

இப்போது பதிவாளர் அவர்களிடம் என் கோரிக்கை. பணியின்போது தயாரித்த பாடப்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற ஐயம் பல நூலகர்களுக்கு இருக்கிறது. பல நிறுவனங்களில் விதி நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. இன்னும் பல இடங்களில் விதியே இல்லை. அந்த அச்சத்தால்தான் நல்ல தாள்கள் வெளியே வருவதில்லை. நூலகர்கள் தாங்கள் தயாரித்த பாடக்குறிப்புகளைத் தங்கள் பெயரில், கட்டற்ற உரிமத்தில் வெளியிடலாம் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை தாருங்கள். வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திய பாடக்குறிப்பை, பதவி உயர்வின்போது கற்பித்தல் பணியாகக் கணக்கில் கொள்ளுங்கள். துணைவேந்தர் அவர்கள் இதையும் குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். மிக்க நன்றி ஐயா.

ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனவே ஒன்று மட்டும். பார்க்கப் போகிறவர் மதிப்பெண் போடப் போகக் கூடாது, மாணவர்கள் எந்த நிமிடத்தில் கவனம் இழக்கிறார்கள் என்று எழுதி வரப் போக வேண்டும்.

எதைப் பகிர்வது என்பதற்கு இன்றே விடை காணலாம். அரங்கின் வாசலில் ஒரு மேசையும் கணினியும் இருக்கின்றன. போவதற்கு முன் ஆளுக்கு ஒரு பாடக்குறிப்பைச் சேர்த்துவிட்டுப் போங்கள். எத்தனை மாணவர்கள், எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம், எது எடுபடவில்லை என்று மூன்று வரி எழுதுங்கள். மாணவர் பெயரோ விடைத்தாளோ அதில் இருக்க வேண்டாம். அடியில் உங்கள் பெயரும் உரிம வரியும் கட்டாயம் இருக்கட்டும். தட்டச்சில் உதவ நான் மேசை அருகிலேயே இருப்பேன்.

நன்றி, வணக்கம்.