காடு நின்றால்தான் காய்க்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமேசான் என்றதும் நமக்கு பிரேசில்தான் நினைவுக்கு வரும். நான் இன்று உங்களை அழைத்துப்போக நினைப்பது பெரு நாட்டின் தென்கிழக்கு மூலைக்கு. அந்த மாநிலத்தின் பெயர் மாத்ரே தே தியோஸ். ஸ்பானிய மொழியில் தேவமாதா என்று பொருள். அங்கே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். ஆந்தீஸ் மலைச்சரிவில் பிறந்து, பொலிவியாவுக்குள் போய் பெனி ஆற்றோடு சேர்ந்து, மதெய்ரா வழியாக அமேசானில் கலக்கிறது. சுமார் 85,000 சதுர கிலோமீட்டர் நிலம். 2017 கணக்கெடுப்பின்படி அதில் வாழ்பவர்கள் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை.

அந்த மண்ணின் செல்வம் எது என்று கேட்டால் நான் ஒரு மரத்தைக் காட்டுவேன். கடையில் பிரேசில் நட் என்று வாங்குகிறோமே, அதைத் தருகிற மரம். அங்கே கஸ்தான்யா என்பார்கள். 40, 50 மீட்டர் உயரம் வளரும். மழைக்காலத்தில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காய் தானாக விழும். காய் ஒன்று 2 கிலோகூட இருக்கும். தலையில் விழுந்தால் உயிர் போய்விடும். அதனால் காற்றடிக்கும்போது விவரம் தெரிந்தவர்கள் மரத்தடிக்குப் போவதில்லை. விழுந்ததைப் பொறுக்கி, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, அரிவாளால் உச்சியில் நாலு போடு போட்டால் ஓடு பிளக்கும். உள்ளே ஆரஞ்சுச் சுளை போல நெருக்கி அடுக்கிய கொட்டைகள். அதை மூட்டை கட்டி முதுகில் சுமந்து காட்டைவிட்டு வெளியே கொண்டுவர வேண்டும்.

இந்த மரத்தின் பூவைத் திறக்க வலுவுள்ள பெரிய தேனீ வேண்டும். அந்தத் தேனீக்குக் காடு வேண்டும். காயின் ஓட்டைக் கடித்துத் திறப்பது அகூத்தி என்கிற கொறிவிலங்கு. தின்றது போக மிச்சத்தை மண்ணில் புதைத்து வைக்கும். அது மறந்துபோன கொட்டைதான் முளைக்கிறது. சுற்றியுள்ள காட்டை அழித்துவிட்டு இதை மட்டும் விட்டுவைத்தால் மரம் நிற்கும், காய்ப்பு குறைந்துபோகும்.

அதே மண்ணில் பொன்னும் இருக்கிறது. மலையிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்த பொடி. மண்ணைக் கரைத்துப் பாதரசம் சேர்க்கிறார்கள். பாதரசம் பொன்துகளைப் பிடித்துக்கொள்ளும். அந்த உருண்டையைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் நிற்கும். ஆவியானது எங்கே போகும்? மழையோடு இறங்கி, ஆற்றில் சேர்ந்து, மீனில் ஏறி, அந்த மீனைத் தின்னும் தாயின் வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும். 2016 மே மாதம் பெரு அரசு பாதரசத்துக்காகவே அங்கே 60 நாள் அவசரநிலை அறிவித்தது. பிரேசிலையும் பசிபிக் கரையையும் இணைக்கும் நெடுஞ்சாலை வந்ததும் பொன் தேடுவோர் கூட்டம் பெருகியது. சாலையோரம் லா பாம்பா என்ற இடத்தில் காடு போய், சேற்றுக் குட்டைகளாகக் கிடக்கிறது. 2019 பிப்ரவரியில் காவல்துறையும் ராணுவமும் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றின. அவர்களில் பலர் வேறு ஆற்றங்கரைக்குப் போனார்கள். வறுமையில் வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? பெருவின் தங்கத்தை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நகைக்கடை வாசலில் நாம் இதை நினைத்துப் பார்த்ததுண்டா?

இன்னொரு வழியும் அங்கேயே இருக்கிறது. தம்போபாத்தா ஆற்றங்கரையில் ஓர் ஊர், பெயர் இன்ஃபியெர்னோ, அதாவது நரகம். தேவமாதாவின் மடியில் நரகம்! எசே எஹா பழங்குடியினரும் பிறகு வந்து குடியேறியவர்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். 1996இல் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். விடுதி ஊர் நிலத்தில், லாபத்தில் 60 பங்கு ஊருக்கு, 40 நிறுவனத்துக்கு. ஊர்ப் பிள்ளைகளே வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் ஆனார்கள். பயணி பார்க்க வருவது காட்டை. அதனால் காட்டைக் காப்பது அவர்களுக்குப் பிழைப்பும் ஆயிற்று.

அந்தப் பக்கம் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து ஆற்றங்கரைக் களிமண் மேட்டுக்கு எதிரே காத்திருப்பார்கள். வெளிச்சம் வந்ததும் பச்சைக்கிளிகள் இறங்கும், பின்னாலேயே சிவப்பும் நீலமுமாகப் பஞ்சவர்ணக் கிளிகள். மண்ணில் உள்ள உப்புக்காக மேட்டைக் கொத்தித் தின்னும். பஞ்சவர்ணக் கிளி குஞ்சு பொரிக்க வயதான ஷிவாவாக்கோ மரத்தின் பொந்தைத் தேடும். அந்த மரத்தைத்தான் இன்று வீட்டுத் தரைப்பலகைக்காக வெட்டுகிறார்கள்.