பதுங்கி நுழையும் குழு ஏன் எப்போதும் பிடிபடுகிறது?

ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டைப் பற்றி நேயர் ஒருவரின் கேள்வி இது: "நான் கேம் மாஸ்டராக (கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவராக) இருந்து நடத்தும் விளையாட்டில், நால்வர் கொண்ட குழு கோட்டைக்குள் பதுங்கி நுழைய முயன்றால் ஏறக்குறைய எப்போதுமே பிடிபட்டுவிடுகிறது. இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே போதும் என்று வைத்திருக்கிறேன். விழுந்த எண்ணை மறைத்து, மாற்றிச் சொல்லலாமா?"

மாற்றிச் சொல்ல வேண்டாம். கோளாறு பகடையில் இல்லை. எத்தனை முறை உருட்டச் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. 8 முதல் 20 வரை 13 முகங்கள் இருப்பதால் ஒருவருக்குரிய வாய்ப்பு 65 சதவீதம், அது தாராளமானதுதான். ஆனால் நால்வரும் தனித்தனியே உருட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் தவறினாலும் காவலன் விழித்துக்கொள்வான் என்று வைத்துவிட்டால், நால்வரின் வாய்ப்புகளையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பார்க்க வேண்டும். மிஞ்சுவது ஏறத்தாழ 18 சதவீதம். மதிலில் ஒரு முறை, முற்றத்தில் ஒரு முறை, கதவருகே ஒரு முறை என்று மூன்று இடங்களில் அதையே கேட்டால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. எத்தனை திறமையாகத் திட்டமிட்டாலும் உங்கள் ஆட்டக்காரர்கள் தோற்கத்தான் செய்வார்கள், அடுத்த முறை பதுங்கிப் பார்க்கவே அவர்களுக்கு மனம் வராது.

இவ்வகை விளையாட்டுகளில் ஒன்றான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு நல்லதொரு வழி உண்டு: குழுவில் பாதிப்பேராவது வென்றால் குழு முழுவதும் வென்றதாகும். அதே 65 சதவீத வாய்ப்பை வைத்துக் கணக்கிட்டால், நால்வரில் இருவராவது வெல்வது ஏறத்தாழ 87 சதவீதம். கதைக்கும் இது பொருந்துகிறது, ஏனெனில் கனத்த கவசம் அணிந்த வீரனைச் சத்தமில்லாமல் நடத்திச் செல்வது பழகிய திருடனின் வேலைதான். உருட்டலும் கோட்டைக்குள் சேரும்வரை ஒன்றே போதும். நிலைமை உண்மையாகவே மாறினால் மட்டும் மறுபடி கேளுங்கள்.

தோல்வி என்றால் என்ன நடக்கும் என்பதை உருட்டுவதற்கு முன்பே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். இதை நான் கணக்கைவிட முக்கியமாகக் கருதுகிறேன். காவலன் உடனே அபாய மணியை அடித்துவிட்டால் ஆட்டக்காரர்கள் தீர்மானிப்பதற்கு எதுவும் இருக்காது. அவன் விளக்கை உயர்த்தி, "யார் அங்கே?" என்று கேட்டபடி இரண்டடி முன்னே வரட்டும், மணிக்கயிறு இன்னும் அவன் கைக்கு எட்டவில்லை. ஒளிவதா, பேச்சுக் கொடுப்பதா, பாய்ந்து பிடிப்பதா என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். இப்படி நடத்தினால், எல்லோர் கண்முன்னும் பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ள உங்களுக்குத் தயக்கம் இருக்காது.